தசைச்சிதைவு உள்ள பிள்ளைக்கு உடற்பயிற்சி: எதைச் செய்யலாம், எங்கே நிறுத்தணும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்டும் இல்லை. என் மகனுக்கு 5 வயதில் டுஷேன் தசைச்சிதைவு என்று தெரிந்தது, மரபணுக் கோளாறால் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும் நோய். இப்போது அவனுக்கு 11. புதிதாக ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வந்து உட்காரும் அப்பா அம்மாக்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பிள்ளையை ஓடியாட விடலாமா, இல்ல உட்கார வைக்கணுமா?"

எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு கட்சி இருந்தது. "அசைய விடாதே, இருக்கிற பலமும் போயிடும்" என்றார் அவன் பாட்டி. "ஓட ஓடத்தான் கால் பலப்படும் மாப்ளே, விடுங்க" என்றார் என் மச்சான். இருவர் சொன்னதும் பாசத்தில்தான், இருவர் சொன்னதும் தப்புதான். உட்கார வைத்தால் தசை சுருங்கும், மூட்டு இறுகும், எடை ஏறும். ஓட விட்டால் தசை கிழியும். நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அந்த அளவைப் பிடிப்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

இதை மட்டும் பொறுமையாகப் படித்துவிடுங்கள், மற்றது எளிதாகப் புரியும். டிஸ்ட்ரோபின் என்று ஒரு புரதம். 1987-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். தசை நாரின் உள்கட்டமைப்பை வெளிச்சவ்வோடு சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். அரிசி மூட்டையின் ஓரத் தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை சும்மா கிடக்கும்வரை தையல் விட்டது தெரியாது, தூக்கித் தோளில் போட்டால்தான் பிரிந்து அரிசி கொட்டும். டுஷேனில் இந்தத் தையல் ஏறக்குறைய இல்லவே இல்லை, பெக்கர் என்ற இதைவிட மிதமான வகையில் அரைகுறையாக இருக்கிறது. அதனால் ஒவ்வொரு இழுப்பிலும் சவ்வு கொஞ்சம் பிரிந்து, உள்ளே போகக் கூடாத கால்சியம் உள்ளே போகிறது, உள்ளே இருக்க வேண்டியது ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. சி.கே. என்ற தசை நொதியை ரத்தத்தில் பார்க்கிறார்களே, மற்றவர்களுக்குச் சுமார் 200-க்குள் இருப்பது நம் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கில், பத்தாயிரத்தைத் தாண்டியும் வருவது, அந்தக் கொட்டிய அரிசிதான்.

இன்னொரு குறையும் உண்டு. வேலை செய்யும் தசைக்கு ரத்தக்குழாயை விரித்துவிடும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும் நொதி, இயல்பாக டிஸ்ட்ரோபினை ஒட்டித்தான் இருக்கும். டிஸ்ட்ரோபின் இல்லையென்றால் அதுவும் தன் இடத்தில் இல்லை. ஆகவே வேலை கூடும்போது வேண்டிய அளவு ரத்தம் தசைக்கு வருவதில்லை. பிள்ளை கொஞ்சம் நடந்துவிட்டு "கால் வலிக்குதுப்பா" என்று உட்கார்ந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை. இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் அவனைத் திட்டியிருக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன்

மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். எந்த வகை என்று தெரியாமல் யாரோ யாருக்கோ சொன்ன பயிற்சியைச் செய்யக் கூடாது. அடுத்தது இதயம். அதுவும் தசைதான், அதிலும் டிஸ்ட்ரோபின் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறையாவது எக்கோ பார்த்து, "இந்த அளவு பயிற்சி செய்யலாம்" என்று இதய டாக்டர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்ட்டைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பக்கவாதம், முதுகுவலி பார்த்தே பழகியவர்கள் வழக்கமாக மணல்பை கட்டி, எதிர்விசை கொடுத்துத்தான் பலப்படுத்தப் பார்ப்பார்கள். இந்த நோய்க்கு அது ஆகாது. "தசைச்சிதைவுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

நோயின் வேகத்தைக் குறைக்க ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை என்றால் எலும்பு வலுவிழந்திருக்கும், விழுந்தால் எளிதில் முறியும். பயிற்சி செய்யும் இடத்தில் ஈரத்தரை, சுருண்ட பாய், காலைத் தடுக்கும் செருப்பு எதுவும் இருக்கக் கூடாது. அப்புறம், பயிற்சியைத் தொடங்கியாச்சே என்று ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

எதைச் செய்யக் கூடாது

தசைக்கு இரண்டு விதமான வேலை உண்டு. சுருங்கிக்கொண்டே பாரம் தூக்குவது ஒன்று, நீண்டுகொண்டே பாரம் தாங்குவது இன்னொன்று. தையல் விட்ட தசையை அதிகம் கிழிப்பது இரண்டாவது வகைதான். ஆய்வுக்கூடத்தில் எலியின் தசையை வேண்டுமென்றே சேதப்படுத்திப் பார்க்க அதைச் சரிவில் கீழ்நோக்கி ஓடவிடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். படி ஏறுவது சிரமமாகத் தெரியும், ஆனால் தொடைத் தசைக்கு அதிகக் கேடு செய்வது இறங்குவதுதான். பழனிக்குப் போனால் ஏற மட்டுமில்லை, இறங்கவும் ரோப் காரோ விஞ்ச்சோதான். குதிப்பது, டிராம்பொலின், தவளைத் தாவல், உட்கார்ந்து எழுவது, டம்பெல்ஸ் எல்லாமே வேண்டாம்.

தோப்புக்கரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை படிப்பில் கொஞ்சம் மந்தம் என்று தெரிந்தால் போதும், "தினம் பிள்ளையார் முன்னாடி இருபத்தொண்ணு போடச் சொல்லுங்க, மூளை நல்லா வேலை செய்யும்" என்று நாலு பேர் சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள், நாங்களும் ஒரு மாதம் போல செய்ய வைத்தோம். மெல்ல உட்காரும் ஒவ்வொரு முறையும் தொடைத் தசை நீண்டுகொண்டே முழு உடம்பின் பாரத்தையும் தாங்குகிறது. மூளைக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு தசையைக் கிழித்துக்கொண்டிருந்தோம். பிள்ளையாருக்கு ஒரு குட்டு போதும், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பள்ளியில் இது தண்டனையாகவும் வரும். என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது விளையாட்டு விழாவுக்காகத் தவளை ஓட்டம் பழக்கினார்கள், "இவன் மட்டும் சும்மா உட்காரலாமா" என்று அவனையும் சேர்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் கெண்டைக்கால் கல் மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் பாத்ரூமிலிருந்து "அப்பா, ஒன்னுக்கு டீ மாதிரி வருது" என்றான். போய்ப் பார்த்தேன், பால் சேர்க்காத கட்டங்காப்பி நிறம். கிழிந்த தசையின் நிறமிதான் அப்படிச் சிறுநீரில் இறங்குகிறது, அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தையே அடைத்துவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இந்த நிறத்தைப் பார்த்தால் நாளைக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள்.

அதன் பிறகு டாக்டரிடம் எழுதி வாங்கிய கடிதத்தை ஒவ்வொரு ஜூன் மாதமும் வகுப்பாசிரியருக்கு ஒன்று, பி.டி. மாஸ்டருக்கு ஒன்று என்று கொடுத்துவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று, பிள்ளைக்கு ஏற்ற மாற்று ஏற்பாடு கேட்பது சலுகை இல்லை, உரிமை. கடிதத்தில் "விளையாட்டில் சேர்க்க வேண்டாம்" என்று எழுதாதீர்கள், அதோடு பிள்ளை மைதானத்துப் பக்கமே போகாமல் வகுப்பில் தனியாக உட்கார்ந்துவிடுவான். எதெல்லாம் கூடாது, எதெல்லாம் செய்யலாம் என்று இரண்டையும் எழுதுங்கள். ஸ்கோர் எழுதலாம், அம்பயராக நிற்காமல் உட்காரலாம், கேரம் ஆடலாம்.

எதைச் செய்யலாம்

2018-இல் புதுப்பிக்கப்பட்ட டுஷேன் பராமரிப்பு வழிகாட்டுதலே சொல்வது இதுதான்: உச்ச அளவுக்குப் போகாத, மூச்சுவாங்காத பயிற்சி, குறிப்பாக நீச்சல், சைக்கிள். பாரம் தூக்கிப் பலப்படுத்தும் பயிற்சி கூடாது.

தண்ணீர் எங்களுக்குக் கைகொடுத்தது. அதில் உடம்பு எடை குறைந்துவிடுவதால் தரையில் தடுமாறும் பிள்ளை தண்ணீரில் தானாக நடப்பான், அந்த முகத்தைப் பார்க்கவே தண்ணீர்த் தொட்டி தேடி அலையலாம். நீச்சல்குளம் இருந்தால்தான் என்றில்லை. என் மாமனார் ஊரில் பம்ப்செட் தொட்டிதான் எங்கள் குளம். காலையில் போனால் தண்ணீர் சில்லென்று இருக்கும், குளிரில் தசை விறைத்துக்கொள்ளும். மதியம் வெயில் ஏறித் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பான பிறகு இறக்குவோம். இடுப்பளவுத் தண்ணீர், பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் எப்போதும் உள்ளேயே. முன்னும் பின்னும் நடப்பது, கை இரண்டையும் தண்ணீருக்கு அடியில் அகட்டிச் சேர்ப்பது, மல்லாக்க மிதப்பது. நெஞ்சுவரை இறக்கினால் தண்ணீரின் அழுத்தம் மூச்சைத் தடுக்கும், அதனால் நுரையீரல் பலம் குறைந்த பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் ஆழம் வேண்டாம். தொட்டியிலிருந்து வெளியே வரும்போது கவனம் இன்னும் கூட வேண்டும். உள்ளே லேசாக இருந்த உடம்பு சட்டென்று கனமாகும், கால் மடங்கிவிடும். தூக்கி எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் வசதி இல்லாதவர்களுக்குப் பெடல். நாற்காலிக்குக் கீழே வைத்து மிதிக்கிற சின்னக் கருவி, மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கும். இறுக்கத் திருகு இருக்கும், அதை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். மோட்டார் உதவியோடு சுற்றும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. நெதர்லாந்தில் செய்து 2013-இல் வெளியான ஒரு ஆய்வு இந்தக் கருவியை வைத்துத்தான். 30 டுஷேன் பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மோட்டார் உதவியுள்ள பெடலில் காலுக்கு 15 நிமிடம், கைக்கு 15 நிமிடம், வாரம் 5 நாள், 24 வாரம் கொடுத்தார்கள். பயிற்சி செய்த குழுவின் உடலியக்க மதிப்பெண் இருந்த இடத்திலேயே நின்றது, செய்யாத குழுவுக்கு இறங்கியது. ஏறவில்லை, நின்றது. வருஷா வருஷம் இறங்கும் நோயில் நின்றாலே நமக்குப் பெரிய விஷயம், ஆனால் "பெடல் மிதித்தால் குணமாகும்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

எவ்வளவு, எப்படிக் கூட்டுவது

முதல் வாரம் 3 நிமிடம் போதும். சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டலாம். பயிற்சி நடக்கும்போது பிள்ளை வாய் மூடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும், பாட்டுப் பாட முடிந்தால் அளவு சரி. வாக்கியத்தை முடிக்காமல் மூச்சு வாங்கினால் அப்போதே நிறுத்துங்கள். பள்ளி விட்டு வந்த களைப்பில் செய்ய வைக்காதீர்கள், அன்றைய பலம் ஏற்கெனவே செலவாகியிருக்கும். எங்களுக்குச் சரிப்பட்டது காலையில் குளிப்பதற்கு முன்.

உண்மையான அளவுகோல் மறுநாள் காலைதான். எழுந்ததும் வலிக்கிறதா, தரையிலிருந்து எழுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகிறதா, தொடையில் கை ஊன்றி எழுவது கூடியிருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்ததும் தூக்கிப் போடுவதில்லை, பின்பக்கத்தில் எத்தனை நிமிடம், மறுநாள் எப்படி இருந்தான் என்று இரண்டு வரி எழுதி ஒரு கிளிப்பில் கோத்து வைக்கிறோம். டாக்டரிடம் போகும்போது அந்தக் கட்டைக் கொடுத்தால் நம் வாயால் சொல்வதைவிடத் தெளிவாக இருக்கிறது. வலி ஒரு நாளைத் தாண்டி நின்றால் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். காய்ச்சல் வந்தால் நிறுத்துங்கள், ஆனால் காய்ச்சல் விட்ட பிறகும் "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று ரெண்டு வாரம் படுக்க வைக்காதீர்கள், அந்த ரெண்டு வாரத்தில் போன நடை சில பிள்ளைகளுக்குத் திரும்பி வருவதே இல்லை.

கால் நீட்டும் பயிற்சி வேறு கணக்கு, அது வாரம் 4 முதல் 6 நாள் கட்டாயம். குதிகாலுக்குச் செய்வதை மட்டும் சொல்கிறேன், அதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். பிள்ளை மல்லாந்து படுக்கட்டும், முட்டி நேராக. குதிகாலை உங்கள் உள்ளங்கைக்குள் கிண்ணம் மாதிரி வாங்கிப் பிடியுங்கள், அவன் பாதம் உங்கள் முன்கையில் படிந்திருக்கட்டும். முதலில் குதிகாலைக் கீழே இழுங்கள், பிறகு முன்கையால் பாதத்தை அவன் முகத்தை நோக்கி மெல்லச் சாயுங்கள். விரல்களை மட்டும் பிடித்து வளைத்தால் நடுப்பாதம்தான் வளையும், குதிகால் தசைநாண் அப்படியே இருக்கும். இழுவை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது, முப்பது எண்ணி விடுங்கள், பத்துத் தடவை. எண்ணெய் தேய்த்து நீவுகிறேன் என்று அழுத்தி உருவுவதும் வேண்டாம், தடவி விடுவது போல இருந்தால் போதும்.

மூளைக்கு என்ன சம்பந்தம்

நானும் ரொம்ப நாள் இது கால் நோய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். டிஸ்ட்ரோபின் மூளையிலும் இருக்கிறது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ், சிறுமூளை, பெருமூளைப் புறணி, இங்கெல்லாம் நரம்பணுக்கள் ஒன்றை ஒன்று அடக்கிச் சமன் செய்யும் இணைப்புகளைக் கட்டிப் பிடிப்பதில் அதற்கு வேலை உண்டு. அதனால்தான் டுஷேன் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கற்றல் சிரமம் இருக்கிறது, கவனக்குறைவும் ஆட்டிசமும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். டிஸ்ட்ரோபின் மரபணுவில் மொத்தம் 79 துண்டுகள், கோளாறு அதன் பின்பகுதியில் இருந்தால் மூளைக்கென்று உள்ள குட்டை வடிவங்களும் அடிபடுவதால் சிரமம் கூடுகிறது. ஒரே ஆறுதல், தசை மாதிரி இது வருஷா வருஷம் மோசமாவதில்லை.

வீட்டில் இது எப்படித் தெரியும் என்றால், "பையை வச்சிட்டு, கை கழுவிட்டு, தண்ணி பாட்டிலைக் கொண்டா" என்றால் என் மகன் பையை வைத்துவிட்டு நடுக்கூடத்தில் நிற்பான். பிடிவாதம் என்று அவன் அம்மாவுக்குக் கோபம் வரும். காதால் கேட்டதை உடனே மனதில் நிறுத்தி வைப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம். ஒரு நேரத்தில் ஒன்று சொன்னால் மூன்றையும் செய்துவிடுகிறான். பயிற்சியையும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்: ஒரு வாரம் முழுக்க ஒரே அசைவு, சொல்வதைவிடச் செய்து காட்டுவது, சுவரில் படம்.

மெதுவான பயிற்சி மூளைக்கு என்ன செய்கிறது? 1984-இல் பிரிட்டனில் விவரிக்கப்பட்ட எம்.டி.எக்ஸ். என்ற எலி வகைக்கும் டிஸ்ட்ரோபின் கிடையாது, தசையோடு நினைவுத் தடுமாற்றமும் உண்டு. குறைந்த வேகத்தில் சில வாரம் பயிற்சி கொடுத்த அந்த எலிகளுக்குத் தசையிலும் மூளையிலும் ஆக்சிஜனேற்றச் சேதம் குறைந்திருந்தது, நினைவுச் சோதனையிலும் தேறின. அதே எலியைச் சரிவில் இறக்கி ஓடவிட்டால் தசை கிழிகிறது. அதாவது அளவும் விதமும்தான் மருந்தா விஷமா என்பதை முடிவு செய்கின்றன. மனிதர்களில் என்று பார்த்தால், இந்த நோய் இல்லாத 120 முதியவர்களை வைத்து 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் என்று ஒரு வருஷம் நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது, வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியிருந்தது. இதையெல்லாம் வைத்து நம் பிள்ளைக்கு மார்க் ஏறும் என்று கணக்குப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் பார்த்த மட்டில், பெடல் மிதித்த நாளில் இரவு சீக்கிரம் தூங்குகிறான், ஸ்டீராய்டால் வரும் எரிச்சல் கொஞ்சம் தணிகிறது. மிதிக்கும்போதே சென்னையிலிருந்து மதுரைவரை ரயில் நிலையங்களை ஒப்பிப்பான். முதலில் செங்கல்பட்டோடு நின்றான், இப்போது திண்டுக்கல் தாண்டிவிட்டான்.

மற்ற வகைக்காரர்களுக்குச் சுருக்கமாக

பெக்கர் வகையில் தையல் கொஞ்சம் இருப்பதால் இடம் அதிகம். டென்மார்க்கில் 2008-இல் வெளியான ஆய்வில் 11 பெக்கர் ஆண்கள் 12 வாரத்தில் 50 தடவை, தடவைக்கு 30 நிமிடம் மிதமாகச் சைக்கிள் மிதித்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 47 சதவீதம் கூடியது, சி.கே. ஏறவில்லை. முகம், தோள் தசைகளைப் பிடிக்கும் எஃப்.எஸ்.எச்.டி. உள்ளவர்களுக்கு இத்தகைய பயிற்சி தீராக் களைப்பைக் குறைக்கிறது. சுருங்கிய தசை சட்டென்று தளராத மயோடோனிக் வகையில் பகல் தூக்கமும் எதிலும் ஆர்வமின்மையும் நோயின் பகுதியே, "எழுந்திருச்சு நட" என்று விரட்டுவதைவிடக் கூடவே நடக்க ஒரு ஆள் வேண்டும். அவர்களுக்கு இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் தடை வரும் என்பதால் ஈ.சி.ஜி. பார்க்காமல் எதுவும் தொடங்க வேண்டாம்.

நடை நின்ற பிறகு

சக்கர நாற்காலி வந்ததும் பயிற்சியை நிறுத்திவிடும் வீடுகள் நிறைய, இனி எதற்கு என்று. நெதர்லாந்து ஆய்வில் நாற்காலிக்கு வந்துவிட்ட பையன்களும் இருந்தார்கள், கைக்கு 15 நிமிடம் அவர்களுக்கும் உண்டு. தட்டிலிருந்து சோற்றை வாய்க்குக் கொண்டுபோவது, மூக்கைச் சொறிவது, போனைப் பிடிப்பது, இதெல்லாம் எத்தனை வருஷம் கையில் நிற்கிறது என்பது நடையைவிடப் பெரிய விஷயம் என்று அப்போதுதான் தெரியும். போன தை மாதம் எங்கள் வீட்டுக்கும் நாற்காலி வந்தது. அன்று சாயங்காலம் பெடலைத் தரையிலிருந்து எடுத்து, துடைத்து, அவன் படிக்கிற மேசைமேல் வைத்து, பெடலின் காலை இறுக்கித் திருகினேன். கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா, எக்மோர்ல இருந்து ஆரம்பிக்கவா?" என்றான்.